பென்சிலில் எழுதிய நாலாம் நம்பர்

ராமுத்தாய் டீச்சரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லாம் ஒரே நேரத்தில் முட்டிக்கொண்டு வருகிறது. அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவர் டாக்டர் பட்டம் வாங்கவில்லை. ஏழு வருஷம் உழைத்தார். இருநூற்றுப் பதினாறு பக்கம் டைப் அடித்து வைத்திருந்தார். பட்டம் வாங்கவில்லை. கணக்கு வராததால் அல்ல, ஆராய்ச்சி தப்பானதால் அல்ல. ஒரு மனிதரை நம்பியதால்.

இப்போது 1979. டீச்சருக்கு நாற்பத்திரண்டு வயது. இன்னும் காரைக்குடியில் அதே பள்ளிக்கூடத்தில்தான் கணக்கு நடத்துகிறார். காளிதாஸ் ஆசாரி என்ற தச்சருக்கு மூன்றாவது பெண். வீட்டில் அவருக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. மதுரையில் விடுதியில் தங்கி பி.எஸ்சி. கணக்கு, பிறகு பி.டி. என்ற ஆசிரியர் பயிற்சி முடித்து 1960இல் வேலையில் சேர்ந்தார். கணவர் சொக்கலிங்கம் மரக்கடையில் கணக்குப்பிள்ளை. பிள்ளைகள் இல்லை.

அந்தக் காலத்தில் ஒன்பதாம் வகுப்பில் கணக்கு இரண்டாகப் பிரியும். ஜெனரல் கணக்கு என்று ஒன்று: வட்டி, லாப நஷ்டம், பரப்பளவு. காம்போசிட் கணக்கு என்று இன்னொன்று: அல்ஜீப்ரா, ஜியோமெட்ரி எல்லாம் சேர்ந்தது. காம்போசிட் எடுத்துப் பதினோராம் வகுப்பு தேறினால்தான் கல்லூரியில் கணக்குப் பக்கம் போகலாம், இன்ஜினீயரிங் பக்கம் எட்டிப் பார்க்கலாம். ஜெனரலில் விழுந்தால் அந்தக் கதவு பதின்மூன்று வயதிலேயே சாத்திவிடும். யார் எதில் என்பதைப் பிள்ளை முடிவு செய்வதில்லை, பெற்றோரும் முடிவு செய்வதில்லை. ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரம் தலைமையாசிரியர் நோட்டீஸ் போர்டில் இரண்டு பட்டியல் ஒட்டுவார். அவ்வளவுதான்!

1967 ஜூனில் அந்தப் பட்டியலை டீச்சர் நின்று நிதானமாகப் படித்தார். எட்டாம் வகுப்பில் அவரிடம் எண்பத்தொரு மார்க் வாங்கிய சேதுபதி ஜெனரலில் இருந்தான். ஐம்பத்திரண்டு வாங்கிய ஒரு பையன் காம்போசிட்டில் இருந்தான். நேரே ஆசிரியர்கள் அறைக்குப் போய், பள்ளியின் மூத்த கணக்கு ஆசிரியர் காசிவிஸ்வநாதனிடம் கேட்டார்.

"சார், சேதுபதி எண்பத்தொண்ணு. அவன் எதுக்கு ஜெனரல்ல கெடக்கான்?"

காசி சார் திருத்திக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அவங்கப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"கூலிக்கு மாட்டு வண்டி அடிக்கிறாரு."

"அதான்."

"அதான்னா?"

"அதான்னா அதான் டீச்சர். பதினாலு வருசமாப் பாக்குறேன். இப்படிப் போடுங்கன்னு ஒருத்தரும் சொல்றதில்ல. ஆனா வருசா வருசம் இப்படித்தான் வந்து விழுகுது. பொம்பளப் பிள்ளையா, ஜெனரல். கூலி வேலை பாக்குற வீட்டுப் பிள்ளையா, ஜெனரல். ரெண்டுமா இருந்துட்டா கேக்கவே வேணாம்."

"நீங்க சொல்லலாம்ல சார்?"

"நான் சொன்னா காசிக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கும்பாக. நீங்க மேல படிங்க. நாலு பள்ளிக்கூடத்துல எண்ணி, ஆராய்ச்சின்னு அச்சடிச்சுக் குடுங்க. அப்புறம் எவன் வாயத் தொறக்குறான்னு பாப்போம்."

இதைக் கவனியுங்கள். இந்த ஆராய்ச்சி என்ற யோசனையே காசி சார் கொடுத்ததுதான்! டீச்சர் எம்.எட். படிக்கப் போன வருஷம் அவருடைய வகுப்புகளையும் சேர்த்து நடத்தியது காசி சார். 1970இல் மதுரையில் பேராசிரியர் ஞானசம்பந்தத்திடம் பிஎச்.டி. ஆராய்ச்சிக்குப் பதிவு செய்தபோது, மறுநாள் ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கி வைத்தவரும் காசி சார். பழைய தலைமையாசிரியரிடம் பேசி மார்க் பதிவேடுகளைப் பார்க்க அனுமதி வாங்கித் தந்தவரும் அவரே. எழுத்துப்பூர்வமாக அல்ல, வாய்ப்பேச்சாக. "நம்ம பள்ளிக்கூடத்துக்குள்ள எதுக்கு டீச்சர் கடுதாசி எல்லாம்?" என்றாராம்.

கிண்டல் செய்தவர்களும் இருந்தார்கள். பியூன் இராமு தினமும் காலையில் கேட்பார்: "டாக்டரம்மா, ரெண்டு நாளா இடுப்புப் புடிச்சிருக்கு, கொஞ்சம் பாக்குறீகளா?" வீட்டில் சொக்கலிங்கம் வேறு. "பிள்ளைகளோட அப்பன் என்ன வேலை பாக்குறான்னு கண்டுபுடிக்க அஞ்சு வருசப் படிப்பா? என்னையக் கேட்டா டீக்கடையில உக்காந்தே சொல்லிருவேன்." சொல்லிவிட்டு அவரே சனிக்கிழமை விடியற்காலையில் டீச்சரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் மதுரை பஸ்ஸில் உட்கார வைப்பார்.

வேலை இதுதான். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடு வீடாகப் போக வேண்டும். அப்பா, அம்மா என்ன வேலை, வீட்டில் படிப்புச் சொல்லித்தர ஆள் உண்டா என்று கேட்க வேண்டும். அதைப் பிள்ளையின் மார்க்கோடும், பிறகு அது எந்தக் கணக்கில் போடப்பட்டது என்பதோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டீச்சர் வீடுகளை நான்கு வகையாகப் பிரித்தார். வியாபாரம், ஆபீஸ் வேலை என்றால் 1. நிலம் வைத்து விவசாயம் என்றால் 2. தச்சு, நகை, கொத்து வேலை, சின்னக் கடை என்றால் 3. கூலி, வீட்டு வேலை என்றால் 4. அந்தக் கணக்குப்படி டீச்சரே மூணாம் நம்பர் வீட்டுப் பெண்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. தாத்தா பேரைப் பேரனுக்கும் பாட்டி பேரைப் பேத்திக்கும் வைக்கிற ஊர் இது. ஒரே வகுப்பில் நான்கு சொக்கலிங்கம் இருப்பான், மூன்று உமையாள் இருப்பாள், இனிஷியல்கூட சில நேரம் ஒன்றாகவே இருக்கும். முதல் வருஷம் டீச்சர் விவரங்களைத் தனித்தாளில் எழுதிக்கொண்டு வந்து, ஓர் உமையாளின் வீட்டை இன்னோர் உமையாளின் மார்க்கோடு சேர்த்துவிட்டார். ஒரு மாத வேலை வீண். பதிவேட்டை ஆபீஸை விட்டு வெளியே கொண்டுபோகவும் கூடாது. அதனால் அடுத்த வருஷத்திலிருந்து, மாலையில் வீட்டுக்குப் போய்க் கேட்டதை மறுநாள் இடைவேளையில் பதிவேட்டிலேயே, பேருக்குப் பக்கத்திலேயே, பென்சிலில் சின்னதாக எழுதிவிடுவார். 1, 2, 3, 4. பெயரும் மார்க்கும் நம்பரும் ஒரே வரியில் இருக்கும், மாறாது.

காசி சார்கூட எட்டிப் பார்த்துச் சொன்னார்: "முடிஞ்சதும் மறக்காம அழிச்சுருங்க டீச்சர்."

"தீசிஸ் குடுத்ததும் அழிச்சுருவேன் சார். நடுவுல பேராசிரியர் சரிபாக்கணும்னாருன்னா?"

கணக்கு டீச்சருக்கு எண் என்பது வெறும் பெயர். ஒரு டப்பாவின் மேல் ஒட்டிய சீட்டு மாதிரி. பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் நாலு என்று எழுதினால், அதைப் பார்க்கிறவர்கள் நாலாந்தரம் என்று படிப்பார்கள் என அவருக்குத் தோன்றவே இல்லை. இதைச் சொல்லும்போது டீச்சர் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்கு பள்ளிகள், ஐந்து வருஷம், ஆயிரத்து நூற்று நாற்பது பிள்ளைகள். அட்டவணைகளைக் காசி சார்தான் தன் அழகான கையெழுத்தில் எழுதித் தந்தார். எட்டாம் வகுப்பில் அறுபதுக்கு மேல் வாங்கிய பிள்ளைகளை மட்டும் எடுத்தால், ஒன்றாம் நம்பர் வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேருக்குக் காம்போசிட். நாலாம் நம்பர் வீடுகளில் நூற்றுக்கு இருபத்திரண்டு பேருக்கு. அதே மார்க்! அதே வகுப்பு! மீதி எழுபத்தெட்டுப் பேரும் ஜெனரல்.

அதோடு நிற்கவில்லை. 1971இல் இருவருமாகப் பழைய தலைமையாசிரியரிடம் மன்றாடி, நாலாம் நம்பர் வீட்டிலிருந்து நல்ல மார்க் வாங்கிய பன்னிரண்டு பேரைக் காம்போசிட்டில் போட வைத்தார்கள். "ஒரு வருசம், ஒரே ஒரு வருசம்" என்று அவர் கையை உயர்த்திச் சொல்லி ஒப்புக்கொண்டார். அந்தப் பன்னிரண்டு பேரும் 1974இல் பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதினார்கள். பதினொரு பேர் பாஸ். டீச்சர் ரிசல்ட் தாளைப் பார்த்துவிட்டு ஆசிரியர்கள் அறையில் எல்லோருக்கும் முன்னால் அழுதாராம். காசி சார், "இப்ப எவன் வாயத் தொறக்குறான்னு பாப்போம்" என்று மேசையைத் தட்டினாராம்.

அந்த வருஷம் டீச்சரிடம் எட்டாம் வகுப்பில் வள்ளிக்கண்ணு என்று ஒரு பெண் படித்தாள். அப்பா சுண்ணாம்புக் காளவாசலில் வேலை. அம்மா மீனம்மாள் ஒரு பெரிய வீட்டில் அரைக்க, துவைக்க, சமையலுக்குக் கூடமாட. ஒருநாள் டீச்சர் ஒரு கணக்குப் போட்டார்: தகப்பன் வயது மகள் வயதைப்போல் மூன்று மடங்கு, பன்னிரண்டு வருஷம் போனால் இரண்டு மடங்கு, இப்போது என்ன வயது? வகுப்பே தலையைச் சொறிந்துகொண்டிருக்க, வள்ளிக்கண்ணு எழுந்து முப்பத்தாறு, பன்னிரண்டு என்றாள்.

"எப்படிப் போட்ட?"

"எங்கப்பாவுக்கு வயசு என்னன்னு அவுகளுக்கே தெரியாது டீச்சர். அதனால எக்ஸுன்னு வச்சுக்கிட்டேன்."

வகுப்பு சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. யாரும் அவளுக்கு இன்னும் எக்ஸ் சொல்லித்தரவில்லை. அண்ணன் முறையுள்ள ஒருவனின் பழைய புத்தகத்தில் அவளாகப் பார்த்திருக்கிறாள்.

அந்த மார்கழியில் டீச்சர் விவரம் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனார். மீனம்மாள் ஓட்டமாக ஓடி டீக்கடையிலிருந்து தம்ளரில் காப்பி வாங்கி வந்து கொடுத்தாள். கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள். கடைசிக் கேள்வி, பிள்ளையை எதுவரை படிக்க வைப்பீர்கள் என்பது.

"எட்டோட நிப்பாட்டிருவோம் டீச்சர். நான் வேலை பாக்குற வீட்டு ஆச்சியோட மக மெட்ராசுல இருக்காக. கைப்பிள்ளையப் பாத்துக்க ஆளு வேணுமாம். இவளைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காக. நல்ல எடம், சோறு துணிக்குக் கொறச்சல் இருக்காது."

"மீனம்மாக்கா, இவ எண்பதுக்குக் கொறயாம வாங்குறா. காம்போசிட்ல போட்டா என்னைய மாதிரி கணக்கு டீச்சரா வரலாம்."

"போடுவாகளா? எங்க சனத்துல யாரையும் அதுல போட்டதில்லையே."

"போன தடவை பன்னெண்டு பேரைப் போட வச்சோம்ல? இப்ப இருக்குற ஹெட்மாஸ்டர் இந்த வருசத்தோட போறாரு. அடுத்து நம்ம காசி சாருதான். நான் சொல்றேன், போடுவாக."

மீனம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏ புள்ள, கேட்டுக்கிட்டியா? டீச்சர் சொல்லிட்டாக." பிறகு டீச்சரிடம், "நீங்க சொன்னாச் சரி. ஆச்சிக்கிட்ட வேற பிள்ளையப் பாத்துக்கச் சொல்லிர்றேன்."

ஆச்சி வீட்டில் முடியாது என்று சொல்வது மீனம்மாளுக்கு எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். சொல்லிவிட்டாள்! அதற்காக ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம் ஆச்சி.

1975 மே மாதம் காசி சார் பொறுப்புத் தலைமையாசிரியர் ஆனார். பொறுப்பு என்றால் நிரந்தரம் இல்லை. நிர்வாகக் கமிட்டி ஒரு வருஷம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்யும். ஜூனில் பள்ளி திறந்தது. மூன்றாம் நாள் பட்டியல் ஒட்டினார்கள். டீச்சர் மைசூர்பாகு டப்பாவோடு வந்தாராம். இந்தத் தடவை அவர் முறை என்று.

பட்டியலில் வள்ளிக்கண்ணு, எண்பத்துநான்கு மார்க், ஜெனரல்.

டீச்சர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். அறுபதுக்கு மேல் வாங்கிய நாலாம் நம்பர் பிள்ளைகள் அந்த வருஷம் பத்தொன்பது பேர். பத்தொன்பது பேரும் ஜெனரல். பழைய தலைமையாசிரியர் காலத்தில்கூட நாலைந்து பேர் தப்பி மேலே வந்துவிடுவார்கள். இப்போது ஒருவர்கூட இல்லை. ஒரு பெயர்கூடத் தவறவில்லை.

தலைமையாசிரியர் அறையில் காசி சார் பதிவேட்டைத் திறந்தே வைத்திருந்தார். டீச்சர் பென்சிலில் எழுதியிருந்த ஒவ்வொரு 4ஐச் சுற்றியும் சிவப்பு மையில் வட்டம்.

"சார், என்ன சார் இது?"

"உக்காருங்க டீச்சர். கோவப்படாதீக. எல்லாம் உங்க அட்டவணையில உள்ளதுதான்."

"எந்த அட்டவணையில?"

"நாலாம் நம்பர்ல நூத்துக்கு எழுபத்தெட்டு ஜெனரல்னு நீங்கதான எழுதியிருக்கீக? நாந்தான அதை எழுதிக் குடுத்தேன்? இத்தனை வருசமா அதுதான் நடந்திருக்குன்னா அதுதான் அந்தப் பிள்ளைகளுக்குத் தோதுன்னு அர்த்தமாகுதுல்ல?"

"அது அநியாயம்னு சொல்லத்தான சார் எண்ணுனோம்!"

"கமிட்டிக்கு அநியாயம் நியாயமெல்லாம் வேணாம் டீச்சர். காம்போசிட்ல நூத்துக்கு நூறு பாஸ் வேணும். அது வந்தாத்தான் என்னைய நிரந்தரமாக்குவாக."

"பன்னெண்டு பிள்ளைக? அதுல பதினொண்ணு பாஸு!"

"ஒண்ணு பெயிலு. அன்னைக்கு நாப்பத்தொரு பேர்ல அந்த ஒண்ணுதான் நம்ம நூத்தைக் கெடுத்துச்சு." சொல்லிவிட்டு, சமாதானமாக, "உங்களை விட்டுக்குடுத்துப் பேசல டீச்சர். எங்க ராமுத்தாய் டீச்சர் அஞ்சு வருசம் ஆராய்ச்சி பண்ணி எந்தப் பிள்ளைக்கு எது வரும்னு நம்பர் போட்டு வச்சிருக்காகன்னு பெருமையாத்தான் சொன்னேன். கமிட்டியில கைதட்டுனாக" என்றார்.

கைதட்டினார்கள்! எழுதும்போதே எனக்குக் கொதிக்கிறது. எட்டு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தவர். "அதான்" என்று முதலில் சொன்னவர். எந்த எண் எதற்காக எழுதப்பட்டது என்று இந்த உலகத்தில் டீச்சருக்கு அடுத்தபடியாகத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். தெரியாமல் செய்திருந்தால் பொறுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் மீனம்மாள் பள்ளி வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. அப்படிப் போட்டிருந்தால் தேவலை என்கிறார் டீச்சர்.

"நாலாம் நம்பர்னு நீங்கதான் எழுதுனீகளாமே? இராமு அண்ணன் சொன்னாக."

"எழுதுனேன் அக்கா. ஆனா அதுக்கு இல்ல—"

"வீட்டுக்கு வந்து காப்பி குடிச்சிட்டு எழுதிக்கிட்டுப் போனீக. நானும் மறைக்காமச் சொன்னேன். காளவாசல்னு சொல்லாம கடைன்னு சொல்லியிருந்தா மேல போட்டுருப்பாகள்ல?"

உண்மை அதுதான். போட்டிருப்பார்கள்.

அன்று மாலையிலிருந்து டீச்சர் பத்தொன்பது வீட்டுக்கும் நடந்தார். பட்டியலை மார்க்படி மாற்றச் சொல்லி ஒரு மனு. பெற்றோர் கையெழுத்துப் போட்டால் சிவகங்கையில் கல்வி அதிகாரியிடம் கொடுக்கலாம். காகிதத்தைப் பார்த்ததும் கதவுக்குள் போனவர்கள்தான் அதிகம். ஒரு தகப்பன் வாசலை மறித்து நின்றுகொண்டு, "மறுபடியும் எழுத வந்துட்டீகளா? போன தடவை எழுதுனதே போதும், ஒம்பது தலைமுறைக்குக் காணும். அங்குட்டுப் போங்க தாயி" என்றார். நான்கு நாள் நடந்ததில் கையெழுத்துக் கிடைத்தது இரண்டு.

சனிக்கிழமை மதுரைக்குப் போனார். பேராசிரியர் ஞானசம்பந்தம் முழுவதையும் கேட்டார். நல்ல மனிதர்தான்.

"உங்க தீசிஸ் ரெடிம்மா. ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயிருந்தும் 'எங்கள் அனுமதியோடுதான் விவரங்கள் எடுக்கப்பட்டன'ன்னு தலைமையாசிரியர் கடிதம் வேணும். மத்த மூணும் இருக்கு. உங்க பள்ளிக்கூடத்துக் கடிதம் மட்டும்தான் பாக்கி. இப்பப் போயி அவரைப் பகைச்சுக்கலாமா? முதல்ல பட்டத்த வாங்குங்க. அப்புறம் டாக்டர் ராமுத்தாயா நின்னு சண்டை போடுங்க."

"அப்புறம்னா எப்ப சார்?"

"ஒரு வருசம், ஒன்றரை வருசம்."

"அந்தப் பிள்ளைக அப்பப் பத்தாங்கிளாஸுக்கு வந்துருக்கும் சார். நடுவுல காம்போசிட்ல சேர முடியாது."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

டீச்சர் திங்கட்கிழமை மனுவைத் தானே எழுதினார். இரண்டு பெற்றோர் கையெழுத்து, அட்டவணை, பன்னிரண்டு பிள்ளைகளின் தேர்வு முடிவு. கடைசியில் ஒரு வரி: 'பதிவேட்டில் இந்த எண்களைப் பென்சிலில் எழுதியது நான்தான், இவை மாணவர்களின் தரத்தைக் குறிப்பவை அல்ல.' சொக்கலிங்கம் படித்துப் பார்த்தார்.

"கடைசி வரியை எடுத்துரு. பள்ளிக்கூடப் பதிவேட்டுல கிறுக்குனதா உனக்குத்தான் மெமோ குடுப்பாக."

"எடுத்துட்டா யாரு எழுதுன நம்பர்னு கேப்பாக. கேட்டா காசி சார் எம்பேரத்தான் சொல்வாரு. நானே சொல்லிர்றது நல்லது."

"ஏழு வருசம், ராமுத்தாயி."

"தெரியுங்க."

அவர் சைக்கிளை எடுத்து வந்து நிறுத்தினார். சிவகங்கை பஸ்ஸுக்கு.

மனு போன செய்தி மூன்றாம் நாள் காசி சாருக்குத் தெரிந்தது. அவர் கூப்பிட்டனுப்பவில்லை. டீச்சர்தான் அந்தக் கடிதத்துக்காகப் போனார், எதற்கும் கேட்டுவிடலாம் என்று. காசி சார் மேசையில் இருந்த பேப்பர் வெயிட்டை நகர்த்தி நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தார்.

"அனுமதியா? நான் எங்க குடுத்தேன் டீச்சர்? முந்தின ஹெட்மாஸ்டர் குடுத்திருப்பாரு. எழுத்துல ஏதாவது இருக்கா, காட்டுங்க."

"கடுதாசி வேணாம்னு சொன்னதே நீங்கதான் சார்."

"நான் சொன்னதுக்கும் எழுத்துல ஏதாவது இருக்கா?"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த நான்கு வருஷத்தில் அவர்கள் பாட வேளை, பரீட்சைத் தேதி தவிர வேறு பேசியதில்லை. காசி சார் நிரந்தரமாகிவிட்டார். டீச்சருக்கு மெமோ வந்தது, ஓர் இன்கிரிமென்ட் வெட்டு. 1977இல் பல்கலைக்கழகப் பதிவுக் காலம் முடிந்துபோனது. தீசிஸின் நன்றியுரைப் பக்கத்தில் பேராசிரியருக்கு அடுத்த பெயர் காசிவிஸ்வநாதன். நான் பார்த்தேன். அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஏன் கிழிக்கவில்லை என்று பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

"அதுல எழுதியிருக்கிறது பொய் இல்லையே. அவ்வளவும் செஞ்சாருல்ல? செய்யாத ஆளா இருந்தா இப்படி வலிச்சிருக்காது" என்றார்.

நான் முந்திக்கொண்டு போய்விட்டேன். 1975க்கே திரும்பி வருகிறேன். ஜூலை மூன்றாம் வாரம் கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்தார். பதிவேட்டைக் கேட்டார். சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். பத்தொன்பது பெயரையும் மார்க்கோடு உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். மாலைக்குள் பட்டியலை மார்க்படி மாற்றி ஒட்ட உத்தரவு போட்டுவிட்டுப் போனார். நடந்தது! உண்மையாகவே நடந்தது!

ஆனால் அதற்குள் ஐந்து பிள்ளைகள் பள்ளியை விட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் டீச்சர் வகுப்புக்குப் போகும் முன் மீனம்மாள் வீட்டுக்கு ஓடினார். மீனம்மாள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, மாத்திட்டாக. வள்ளிக்கண்ணு பேரு காம்போசிட்ல வந்துருச்சு. இன்னைக்கே அனுப்புங்க."

"அவ மெட்ராசுல இருக்கா டீச்சர். போயிப் பதினஞ்சு நாளாச்சு."

"வரச் சொல்லுங்க. நான் வேணா போய்க் கூட்டிட்டு வர்றேன்."

"வேணாம்." மீனம்மாள் சாவியை முந்தானையில் முடிந்தாள். "ஒரு தடவை ஆச்சிக்கு இல்லேன்னு சொன்னேன், உங்க பேச்சைக் கேட்டு. பொறவு நானே போயிக் காலைப் புடிச்சுக் கெஞ்சிச் சேத்துவிட்டேன். மறுபடியும் போயி இல்லேன்னு சொன்னா எனக்கும் வேலை இல்ல, அவளுக்கும் இல்ல."

"நான் ஆச்சிக்கிட்டப் பேசுறேன்."

"நீங்க நல்லவுகதான் டீச்சர். அது தெரிஞ்சதுனாலதான அன்னைக்கு ஒண்ணு விடாமச் சொன்னேன்." கதவைச் சாத்திவிட்டு அவள் நடந்துவிட்டாள். வேகமாகவும் போகவில்லை. எப்போதும் வேலைக்குப் போகிற நடை.

டீச்சர் மெட்ராஸ் முகவரியை எப்படியோ வாங்கி இரண்டு கடிதம் போட்டார். பதில் இல்லை. வள்ளிக்கண்ணுவுக்கு இப்போது பதினெட்டு வயது இருக்கும். எங்கே இருக்கிறாள் என்று தெரியாது.

அன்று காலை டீச்சர் அங்கிருந்து நேரே பள்ளிக்கு வந்தார். காம்போசிட் வகுப்பில் பழைய பிள்ளைகள் முன் பெஞ்சுகளில் இருந்தார்கள். பதினான்கு புதுப் பிள்ளைகள் உட்கார இடமில்லாமல் சுவர் ஓரமாக நின்றார்கள். ஆறு வாரப் பாடம் அவர்களுக்குப் போய்விட்டது. டீச்சர் முன் பெஞ்சுகளை நெருக்கி உட்காரச் சொன்னார். எல்லோருக்கும் இடம் கிடைக்கிறவரை நின்றார். பிறகு கரும்பலகையைத் துடைத்து, முதல் பாடத்தின் தலைப்பை எழுதினார்.

முன் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். "டீச்சர், இது ஜூன்லயே நடத்திட்டீக."

"உனக்கு நடத்திட்டேன்" என்றார் டீச்சர். "உக்காரு."